கம்பளியைக் காணோம்; கட்டணம் மட்டும் அப்படியே!

ஆகாய விமானத்தில் உயர்ந்த வகுப்பில் போகிறவருக்குக் குடுக்கிற கம்பளி மெல்லிசாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டில் ஒரு கிண்ணம் குறைந்துவிட்டது. இதனால் ஆரணிக்காரனுக்கு என்ன நஷ்டம்?

விடியற்காலை பஸ் நிலையத்தில் துண்டு போட்டு சீட் பிடித்து, ஆற்காடு, காஞ்சீபுரம் வழியாகச் சென்னைக்குப் போய், கடையில் சேலை மூட்டையை இறக்கிவிட்டு ராத்திரி வீடு திரும்புகிற ஆளுக்கு அந்தக் கம்பளியைப் பற்றி என்ன கவலை?

"பணக்காரன் பாட்டை பணக்காரனே பாத்துக்கட்டும்" என்று டீக்கடை பெஞ்சில் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அப்படித்தான் பல பேர் சொல்கிறார்கள்.

ஆனால் விஷயம் அவ்வளவு லேசு இல்லை. மேல் வகுப்பில் ஓட்டிப் பார்த்த கத்தரி, அப்புறம் கீழ் வகுப்புக்கும் வரும். வந்தும்விட்டது!

ஒரே ஒரு காய்

1980-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ராபர்ட் கிராண்டால். கறார் பேர்வழி. முதல் வகுப்புப் பயணிகளுக்குக் குடுக்கும் பச்சைக் காய்கறித் தட்டில் இருந்து ஆலிவ் காய் ஒன்றே ஒன்றை எடுத்துவிடச் சொன்னார். (ஆலிவ் என்பது நாவல்பழம் சைசில் உப்பில் ஊறப்போட்ட காய்.)

ஒரு காயினால் ஆண்டுக்கு 40 ஆயிரம் டாலர் மிச்சம் ஆனது என்று சொல்கிறார்கள். பயணிகள் யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியக்கூட இல்லை!

விமானக் கம்பெனிகளுக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் இதுதான்: கொஞ்சமாக எடு, நைசாக எடு, பேரை மாற்றாதே, விலையைத் தொடாதே.

லண்டனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனி 2024 நவம்பரில் கொஞ்சம் பெரிதாகவே கையை வைத்தது. காலை 8.30 மணியில் இருந்து 11.29 மணிக்குள் கிளம்பும் நெடுந்தூர விமானங்களில் முதல் வகுப்பு, பிசினஸ் வகுப்புப் பயணிகளுக்கு மதியச் சாப்பாடு கிடையாது. காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் கலந்த ஒன்றுதான் என்றது. லட்சக்கணக்கில் பணம் கட்டியவனுக்கு மத்தியானம் முட்டையும் ரொட்டியுமா என்று பெரிய கூச்சல் கிளம்பியது. 2025 ஜனவரியில் கம்பெனி பின்வாங்கிவிட்டது.

கூச்சல் போட்டார்கள், சாப்பாடு திரும்பி வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே மறுபடி இது வரும்.

மகாராஜா கதை

நம்ம நாட்டு மகாராஜா கதை இன்னும் பெரிசு.

முறுக்கு மீசையும் தலைப்பாகையுமாகக் குனிந்து வணக்கம் சொல்லும் ஏர் இந்தியா மகாராஜாவை 1946-ல் உருவாக்கியவர்கள் பாபி கூக்கா என்ற அதிகாரியும், உமேஷ் ராவ் என்ற ஓவியரும். "உள்ளே வந்தால் உன்னை ராஜா மாதிரி பார்த்துக்கொள்வோம்" என்பதுதான் அந்தப் பொம்மைக்கு அர்த்தம்.

வெறும் பொம்மையாகவும் அது இருக்கவில்லை. 1967-ல் முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசாகக் குடுப்பதற்கு, ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடார் டாலியிடம் சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணம் செய்து வாங்கினார்கள். அதற்கு அவர் கேட்ட கூலி என்ன தெரியுமா? ஒரு யானைக் குட்டி! பெங்களூரில் இருந்து நிஜமாகவே ஒரு குட்டியை விமானத்தில் ஏற்றி அனுப்பி வைத்தார்கள்.

1971-ல் முதல் ஜம்போ ஜெட், "எம்பரர் அசோகா", பம்பாய்க்கு வந்தபோது அதன் மாடியில் முதல் வகுப்புக்காரர்கள் உட்கார்ந்து பேசுவதற்குத் தனி அறை இருந்தது. ஆகாயத்தில் பறக்கும் அரண்மனை என்றே விளம்பரம் செய்தார்கள்.

அப்போது தலைவராக இருந்த ஜே.ஆர்.டி. டாட்டா விமானத்தில் ஏறினால் சும்மா உட்கார மாட்டார். டீ என்ன நிறத்தில் இருக்கிறது, திரைச்சீலை எப்படித் தொங்குகிறது என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு வந்து அதிகாரிகளுக்கு எழுதுவார். 1978-ல் அவரைத் தலைவர் பதவியில் இருந்து எடுத்தார்கள். குறிப்பு எழுதுகிற கையும் போயிற்று.

அதற்கப்புறம் மகாராஜா மெலிந்த கதை ஊருக்கே தெரியும். கடன் ஏறியது. நாற்காலி உடைந்தால் மாற்ற ஆள் இல்லை. முன்னால் இருக்கும் டி.வி. பெட்டி வேலை செய்யவில்லை. 2022 ஜனவரி 27-ந் தேதி ஏர் இந்தியா மறுபடி டாட்டா கைக்குப் போனது. பழைய பெரிய விமானங்களின் உட்புறம் உலகத் தரத்தில் இல்லை என்று புதிய நிர்வாகமே ஒப்புக்கொண்டது. அவற்றைச் சரிசெய்ய 40 கோடி டாலர் செலவிடப் போவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. நாற்காலி செய்து குடுக்கும் கம்பெனிகள் தாமதம் செய்ததால் வேலை இழுத்துக்கொண்டே போனது. பழைய பெரிய விமானங்களில் முதல் விமானம் அமெரிக்காவுக்கு வேலைக்குக் கிளம்பியதே 2025 ஜூலையில்தான்.

இடைப்பட்ட காலத்தில் அந்த உடைந்த நாற்காலியில் பிசினஸ் வகுப்பு டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவன் பாதிப் பணமா குடுத்தான்? இல்லையே!

போட்டியும் போனது

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு உபசாரம் செய்தார்கள். 2005-ல் வந்த கிங்பிஷர் 2012-ல் படுத்துவிட்டது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ந் தேதியோடு ஏர் இந்தியாவில் கலந்துவிட்டது. அதே மாதம் இண்டிகோ கம்பெனி டெல்லி-மும்பை தடத்தில் தன் பிசினஸ் வகுப்பைத் தொடங்கியது.

காந்தி ரோட்டில் நாலு ஜவுளிக் கடை இருந்தால் கூல் டிரிங்ஸ் குடுத்து உட்கார வைப்பார்கள். ஒரே கடை இருந்தால்? "வேணும்னா வாங்கு" என்பார்கள். அதுதான்.

இதற்கு நடுவில் வரியும் ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ், முதல் வகுப்பு விமான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. சாதா வகுப்புக்கு 5 சதவீதம்தான். "சொகுசு" என்று சொல்லி அரசாங்கம் கூடுதல் வரி வாங்குகிறது. அந்தச் சொகுசு டிக்கெட் வாங்கினவன் கைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்கிற வேலை மட்டும் யாருக்கும் இல்லை.

ஜரிகை சொல்லும் நியாயம்

இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல டெல்லிக்குப் போக வேண்டாம். கொசப்பாளையத்திலோ, சைதாப்பேட்டையிலோ தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற ஆளைக் கேட்டால் போதும்.

அசல் ஜரிகை என்றால் உள்ளே பட்டு நூல்; மேலே வெள்ளி, செம்பு; அதற்கு மேல் தங்க முலாம். காஞ்சீபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் என்று அரசாங்கமே இதற்கென ஒரு ஆலை வைத்திருக்கிறது. தங்கம், வெள்ளி விலை ஏற ஏற, அசல் ஜரிகைச் சேலை விலையும் எங்கேயோ போய்விட்டது. அதனால் ஆப் பைன் ஜரிகை வந்தது. அதற்கும் கீழே இமிடேஷன் வந்தது.

அது தப்பா? தப்பே இல்லை! பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவன் கையில் இருக்கிற காசுக்கு ஆப் பைன் சேலை வாங்கிக்கொண்டு போகிறான். கடைக்காரர் "இது ஆப் பைன்மா, விலையும் அதுக்குத் தக்கபடிதான்" என்று சொல்லிக் குடுத்தால் அது யோக்கியமான வியாபாரம்.

அதையே "அசல் ஜரிகை" என்று சொல்லி, அசல் விலை வாங்கினால்? அதற்குப் பேர் மோசடி. ஜரிகை இழையைப் பிரித்து, உள்ளே சிவப்புப் பட்டு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேலையை கல்லாப் பெட்டி மேல் விட்டெறிகிற பெண்கள் இருக்கிற ஊர் இது.

பட்டுக்கு முத்திரை போட 2004-ல் "சில்க் மார்க்" வந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆறு கெஜத் துணி வாங்குகிறவனுக்கு இத்தனை பாதுகாப்பு! விமான டிக்கெட்டுக்கு அப்படி ஒரு முத்திரை உண்டா? அந்தச் சீட்டில் என்னென்ன கிடைக்கும், தலையணை உண்டா, சுடுசாப்பாடு உண்டா, நாற்காலி சாயுமா என்று டிக்கெட்டில் அச்சடித்துக் குடுக்கிறார்களா?

கம்பெனிக்காரர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். நம் நாட்டில் விமானக் கம்பெனியின் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெய்க்கே போகிறது. விமானத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் எண்ணெய் குடிக்கும். கம்பளி கனம், பீங்கான் தட்டு கனம், புஸ்தகம் கனம். குறைத்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறார்கள்.

சரி, குறைக்கட்டும். வாயைத் திறந்து சொல்லிவிட்டுக் குறைக்கட்டும். கனம் குறைந்ததில் மிச்சமான காசில் பயணிக்கு ஒரு பங்கு வரட்டும். ஜரிகை குறைந்தால் சேலை விலை குறைகிறதே!

சட்டத்தில் ஓட்டை

டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2023 பிப்ரவரி 15 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. பிசினஸ் வகுப்பு டிக்கெட் எடுத்தவரை அவர் சம்மதம் இல்லாமல் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், உள்நாட்டுப் பயணத்துக்கு வரி உள்பட டிக்கெட் தொகையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம்.

பேஷ்! ஆனால் ஓட்டை எங்கே என்று பாருங்கள்.

பயணியைச் சீட்டில் இருந்து எழுப்பிப் பின்னால் அனுப்பினால்தான் பணம். அதே சீட்டில் உட்கார வைத்துவிட்டு, சீட்டையே பின்னால் இருக்கிற சீட்டு மாதிரி ஆக்கிவிட்டால் சல்லிக் காசு கிடையாது! சாயாத நாற்காலி, எரியாத விளக்கு, வராத கம்பளி எதற்கும் இத்தனை சதவீதம் என்று அந்த விதியில் ஒரு வரி இல்லை.

சாதா வகுப்புக்காரனுக்கு என்ன நடந்தது? 2017 ஜூலையில் ஏர் இந்தியா உள்நாட்டு விமானங்களில் சாதா வகுப்புக்கு மட்டும் அசைவச் சாப்பாட்டை நிறுத்தியது. ஆண்டுக்கு 7, 8 கோடி ரூபாய் மிச்சம் என்றார்கள். 2021-ல் கையில் பெட்டி மட்டும் எடுத்துப் போகிறவருக்குத் தனி டிக்கெட் விற்கலாம் என்று அனுமதி வந்தது. 2024-ல் விரும்பிய சீட்டு, சாப்பாடு, விளையாட்டுச் சாமான், வாத்தியம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு வாங்கலாம் என்றார்கள். துபாயில் இருந்து லீவில் வருகிற ஆரணிப் பையன் ஜன்னல் சீட்டு கேட்டால் அதற்கும் ஒரு ரேட்.

ரயிலில் நடந்தது

விமானம் ஏறாதவர்களுக்கு ரயில் கதை.

ஆரணி ஊருக்குள் ரயில் கிடையாது. களம்பூரில் இருக்கிறது "ஆரணி ரோடு" ஸ்டேஷன். பெரிய ரயில் வேண்டும் என்றால் காட்பாடிக்கோ, விழுப்புரத்துக்கோ ஓட வேண்டும். பட்டு நூல் வாங்க பெங்களூர் போகிறவர்கள், சூரத் ஜரிகை வியாபாரிகளைப் பார்க்கப் போகிறவர்கள், காசிக்குப் போகிற பெரியவர்கள் எல்லாம் அப்படித்தான்.

ரயிலில் ஏ.சி. வகுப்பு டிக்கெட் எடுத்தால் இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு தலையணை, ஒரு கம்பளி, ஒரு சின்ன துண்டு. இது கட்டணத்தில் அடக்கம். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் எல்லாவற்றையும் எடுத்தார்கள். நோய் பரவும் நேரம், எடுத்தது நியாயம்தான். ஆனால் டிக்கெட் விலையில் அந்தக் கம்பளிக் காசைக் குறைக்கவில்லை. பயணிகள் வீட்டில் இருந்து போர்வை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். சில ஸ்டேஷன்களில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் விரிப்புக் கட்டு 300 ரூபாய்க்கு விற்றது! ஒரே கம்பளிக்கு இரண்டு விலை!

2022 மார்ச் 10-ந் தேதிதான் விரிப்பும் கம்பளியும் திரும்பக் குடுக்க உத்தரவு வந்தது. இரண்டு வருஷம்!

வந்த கம்பளி எப்படிப்பட்டது என்பது வேறு விஷயம். மாதத்துக்கு ஒருமுறையாவது கம்பளி துவைக்கப்படுகிறது என்று ரயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் 2024 நவம்பரில் பாராளுமன்றத்தில் எழுத்து மூலம் பதில் சொன்னார். மாதம் ஒருமுறை! ஒரு மாதத்தில் எத்தனை பேர் போர்த்தியிருப்பார்கள் என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாதா படுக்கை வகுப்பில் போகிறவர்களுக்கும் விரிப்பு, தலையணை தரப்போவதாக தெற்கு ரயில்வே சென்னைக் கோட்டம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல் சில ரயில்களில். விரிப்பும் தலையணையும் சேர்த்து 50 ரூபாய். தலையணை மட்டும் 30. விரிப்பு மட்டும் 20. வேண்டியவன் வாங்கலாம், வேண்டாதவன் விட்டுவிடலாம். ஆப் பைனை ஆப் பைன் என்று சொல்லி விற்கிற வியாபாரம் இது. இப்படிச் செய்தால் யார் சண்டைக்கு வரப் போகிறார்கள்?

மரப்பலகையில் மெத்தை

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். 1974-ல் மூன்றாம் வகுப்பை ஒழித்தார்கள். பேர்தான் இரண்டாம் வகுப்பு ஆனதே தவிர, பலகை அதே மரப்பலகை. விழுப்புரம் போய் இறங்கினால் முதுகில் பலகை அச்சு இருக்கும்.

1977-ல் ஜனதா ஆட்சியில் ரயில்வே மந்திரியாக வந்தவர் மது தண்டவதே. இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைக்கு இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் மெத்தை போட வைத்தார். முதல் வகுப்பில் இருந்து எதையும் பிடுங்கி அவர் இதைச் செய்யவில்லை. மேலே இருப்பவனை இறக்காமல் கீழே இருப்பவனை ஏற்றினார். இன்றைக்கு வெளியூர் ரயிலில் மரப்பலகையில் படுக்கிறவன் இல்லை என்றால் அந்தக் காரியம்தான் காரணம்.

அந்த ரெண்டு அங்குலத்துக்கும் அன்றைக்குச் செலவுக் கணக்கு இருந்திருக்கும். "கட்டுப்படியாகாது" என்று சொல்ல அதிகாரிகளும் இருந்திருப்பார்கள். செய்ய மனசு இருந்தது, செய்தார்கள்.

பெரியவர்கள் சலுகை எங்கே?

இப்போதுதான் முக்கியமான கேள்வி.

2020 மார்ச்சில் கம்பளி மட்டும் போகவில்லை. மார்ச் 20-ந் தேதி மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையும் போனது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த சலுகை அது.

ஏ.சி. வகுப்புக் கம்பளி இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தது. பெரியவர்கள் சலுகை வரவில்லை!

கேட்டால், எல்லாப் பயணிகளுக்குமே டிக்கெட்டில் சராசரியாக 46 சதவீதம் மானியம் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று மந்திரி பதில் சொல்லியிருக்கிறார். கொரோனாவுக்கு முன்னாலும்தான் எல்லாருக்கும் மானியம் இருந்தது. அப்போது அதற்கு மேல் இந்தச் சலுகையும் இருந்ததே!

40 வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்து முழங்காலும் கண்ணும் போன நெசவாளி, மகனைப் பார்க்கப் பெங்களூருக்கோ, கண் ஆபரேஷனுக்கு மதுரைக்கோ போக வேண்டும் என்றால் முழு டிக்கெட். அவருக்குப் பிசினஸ் வகுப்பு வேண்டாம். கம்பளியும் வேண்டாம், தோளில் துண்டு இருக்கிறது. அரை டிக்கெட் சலுகைதான் அவருக்கு இருந்த ஒரே சொகுசு. அதைத்தான் சத்தம் இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

லண்டன் பயணி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூச்சல் போட்டார், கிடைத்தது. ஏ.சி. பயணி கம்பளிக்குக் கூச்சல் போட்டார், கிடைத்தது. தேவிகாபுரத்து நெசவாளி எங்கே போய்க் கூச்சல் போடுவார்? அவருக்காகப் போட வேண்டிய கூச்சலைப் பாராளுமன்றத்தில் போடத்தான் 2009-ல் இருந்து ஆரணி என்ற பேரிலேயே ஒரு தொகுதி இருக்கிறது. கட்சி வேறுபாடு இல்லாமல் இதைக் கேட்கலாம். ரயில்வே அதிகாரிகளை வரவழைத்துக் கூட்டம் போடும்போது ஸ்டேஷனுக்கு நிழற்குடை கேட்பதோடு சேர்த்து இதையும் கேட்கலாம்.

டி.ஜி.சி.ஏ. செய்ய வேண்டியது இன்னும் சுலபம். 75 சதவீத விதியோடு ஒரு பாராவைச் சேர்த்தால் முடிந்தது: விற்றபோது சொன்ன வசதி பயணத்தின்போது இல்லை என்றால், இன்ன வசதிக்கு இவ்வளவு என்று பயணி கேட்காமலே பணம் திரும்ப வேண்டும். ரயிலில் விரிப்புக்கு 20, தலையணைக்கு 30 என்று விலை போடத் தெரிந்திருக்கிறது. வராத கம்பளிக்கு மட்டும் விலை போடத் தெரியாதா?

அதுவரைக்கும் பயணிகள் கையில் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. சொன்ன சேவை கிடைக்காவிட்டால் அது "சேவைக் குறைபாடு". 50 லட்சம் ரூபாய் வரை குடுத்து வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை, தானே வாதாடலாம். டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். உடைந்த நாற்காலியையும் அழுக்குக் கம்பளியையும் செல்போனில் ஒரு போட்டோ பிடித்து வைக்க வேண்டும்.

ஓடும் ரயிலில் புகார் செய்ய 139. விமானம் என்றால் மத்திய அரசின் "ஏர்சேவா". இரண்டிலும் பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.